கருவி தாங்கும், நடப்பவர் நோயாளியே

பக்கவாதத்தில் கால் செயலிழக்கும்போது பழுதுறுவது கால் தசையன்று. அதனை இயக்கும் மூளைப்பகுதியே. மூளையின் நலமான பிற பகுதிகள் அப்பணியைக் கற்றுக்கொள்ள இயலும். அதற்கு ஒரே அசைவைப் பன்முறை செய்தல் வேண்டும்.

இருவர் தாங்கிப் பிடித்து நடத்தினால் சில அடிகளிலேயே அனைவரும் களைத்துவிடுவர். சுவிட்சர்லாந்தில் உருவான லோகோமாட் போன்ற ரோபோ கருவிகள் இங்கே துணைபுரிகின்றன. மேலிருந்து தொங்கும் வார்ப்பட்டைகள் உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. டிரெட்மில்லின் மேல் மோட்டார்கள் இடுப்பு, முழங்கால் மூட்டுகளை இயக்குகின்றன. ஒரே பயிற்சி வேளையில் நூற்றுக்கணக்கான அடிகள் கைகூடும்.

எனினும், கால்களைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு வாளா இருப்பது பயிற்சியாகாது. ஒவ்வோர் அடியையும் தாமே எடுத்துவைக்க நோயாளி முயல வேண்டும். முயற்சி வலுப்பெறப் பெற, கருவியின் உதவியை இயன்முறை சிகிச்சையாளர் படிப்படியாகக் குறைப்பார்.

வழக்கமான இயன்முறைப் பயிற்சியுடன் கருவிப் பயிற்சியும் பெறுவோர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் கண்ட முதல் 3 மாதங்களில் உள்ளோரும், தாமாக நடக்க இயலாதோருமே மிகுந்த பயன் பெறுகின்றனர். ஆதலின், காலந்தாழ்த்தாது மருத்துவரைக் கலந்து பேசுங்கள். கருவி கிட்டாவிடினும் மனந்தளர வேண்டா. சிகிச்சையாளரின் துணையோடு நாள்தோறும் முயன்று வைக்கும் அடிகளும் மூளைக்குப் பாடமே.