பல ஊர்ப் பிரயாணமும் கட்டணக் கணக்கும்

நூல் பார்க்கவும், எலுமிச்சைக்கு விலை பேசவும், மதுரையில் அலுவல் முடிக்கவும் தென்காசி வட்டாரத்து அங்கத்தினர்கள் ஒரே பிரயாணத்தில் மூன்று நான்கு ஊர்களுக்குச் சென்று திரும்ப நேர்கிறது. சங்கத்தின் பிரதிநிதியாக ஒருவர் செல்லும்போது அச்செலவு அனைவருடைய பொதுப் பணத்திலிருந்தே போகிறது. ஆதலால் இக்கணக்கை நாம் கற்றறிவது அவசியம்.

“ரயில்தான் மலிவு” என்பது பொதுப் பேச்சு. நெடுந்தூரத்துக்கு அது உண்மை. இடையிடையே இறங்கி ஏறும் பிரயாணத்துக்கு எப்போதும் உண்மையன்று. பஸ் கட்டணம் கிலோ மீட்டர் கணக்கில் ஏறுவது. 2018 ஜனவரியில் திருத்தப்பட்டபடி, வெளியூர் செல்லும் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோ மீட்டருக்கு 58 பைசா, விரைவு பஸ்ஸுக்கு 75 பைசா என்று நிர்ணயிக்கப்பட்டது. வழியில் இறங்கி வேறு பஸ் ஏறினாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இராது. ரயிலிலோ தூரம் கூடக் கூட வீதம் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. முன்பதிவில்லாத பெட்டியில் அது பாசஞ்சர் வண்டிக்கு 10 ரூபாய், எக்ஸ்பிரஸுக்கு 30 ரூபாய். தென்காசியிலிருந்து ஏறக்குறைய 17 கிலோ மீட்டரிலுள்ள கடையநல்லூருக்கு எக்ஸ்பிரஸில் செல்பவர் 30 ரூபாய் கொடுக்கிறார். சாதாரண பஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கே ஆகும். மதுரைக்கோ கணக்கு தலைகீழ். சுமார் 160 கிலோ மீட்டருக்கு விரைவு பஸ்ஸில் 120 ரூபாய் ஆகும். ஒரே ரயில் சீட்டு அதைவிட வெகுவாகக் குறைவு.

அடுத்து, தடத்தைக் கவனிக்க வேண்டும். கடையநல்லூருக்கு அப்பால் ரயில் பாதை கிழக்கே விலகிச் சங்கரன்கோவில் வழியாக இராஜபாளையம் செல்கிறது. நெடுஞ்சாலையோ புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியே போகிறது. எலுமிச்சைக்குப் பேர்பெற்ற புளியங்குடிக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆகவே புளியங்குடி வரை பஸ்ஸில் சென்று, அங்கிருந்து பஸ்ஸிலேயே சங்கரன்கோவிலை அடைந்து, தறிக்காரர்களைப் பார்த்தபின் மதுரைக்கு ஒரே ரயில் சீட்டு வாங்குவது நலம். திரும்புகையில் எங்கும் இறங்காமல் தென்காசிக்கே சீட்டு எடுக்கலாம். ஊர்களின் வரிசையை வீட்டிலேயே அமைத்துக்கொள்பவருக்குத்தான் இந்த லாபம்.

சென்னைச் சீட்டு வாங்கி மதுரையில் இறங்கித் தங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு இடமில்லை. முதல் 500 கிலோ மீட்டரைக் கடந்த பிறகே பிரயாணத்தை நிறுத்தித் தொடர ரயில்வே விதி அனுமதிக்கிறது. பொருட்காட்சிகளை முன்னிட்டுச் சென்னை, ஈரோடு, கோயம்புத்தூர் என்று சுற்றிப் புறப்பட்ட ஊருக்கே திரும்புவோருக்குச் சுற்றுப் பிரயாணச் சீட்டு உண்டு. அதில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். படுக்கை வசதிக்கு மட்டும் தனித்தனியே முன்பதிவு செய்ய வேண்டும்.

மூட்டை விஷயத்தில் நெசவாளர்கள் ஏமாறக் கூடாது. இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை இலவசம் என்பது சொந்தச் சாமான்களுக்கே. விற்பனைச் சரக்கைப் பெட்டிக்குள் ஏற்ற விதியில்லை. அது பார்சலாகப் பதிவாக வேண்டும்.

நம்மிடம் வரும் வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்லி வையுங்கள். குற்றாலத்தில் ரயில் நிலையம் இல்லை. தென்காசியில் இறங்கி நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. சாரல் காலத்தில் பேரம் பேசாமல் ஆட்டோ ஏறினால், மதுரையிலிருந்து வந்த ரயில் கட்டணத்தை அந்தச் சில கிலோ மீட்டரே விழுங்கிவிடும்!

200 கிலோ மீட்டருக்குட்பட்ட முன்பதிவில்லாச் சீட்டைக் காலையில் வாங்கி மாலை வண்டிக்கு வைத்திருக்கவும் இயலாது. வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அவ்வூருக்கு அடுத்துப் புறப்படும் முதல் வண்டிக்குள், பிரயாணத்தைத் தொடங்கிவிட வேண்டும்.