பாப்பாவுக்கு என்ன பெயர்?

போன தை மாதம் புழலில் ஒரு காதுகுத்து விழா. தாய்மாமன் மடியில் குழந்தை. "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் குருக்கள்.

"தன்ஷிகா" என்றார் தாய்.

"தனுஷ்காவா?"

"இல்லீங்க சாமி, தன்ஷிகா. தனுஷ்கா இவ பெரியம்மா பொண்ணு. அதோ ஓடறாளே, அவ தன்விகா!"

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. சிரிக்காதவர் குழந்தையின் கொள்ளுப்பாட்டி மட்டும்தான். "எனக்கு வாயில நுழையல கண்ணு... பாப்பான்னுதான் கூப்பிடறேன்" என்றார் என்னிடம் மெதுவாக. பாட்டியின் பெயர் என்ன தெரியுமா? வடிவு!

வடசென்னையில் பழைய தலைமுறைப் பெண்களிடம் அடிக்கடி கேட்கிற பெயர் அது. திருவொற்றியூரில் அருளும் வடிவுடையம்மனின் பெயர். வள்ளலார் 'வடிவுடை மாணிக்க மாலை' பாடியது இந்த அம்மனைத்தான். மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகளாக மேலூர், ஒற்றியூர், முல்லைவாயில் அம்மன்களைப் போற்றுவார்கள். மூன்று தலங்களுக்கும் நடுவில் இருக்கிற ஊர்தான் புழல்!

திருவுடை, வடிவுடை, கொடியிடை... சொல்லிப் பாருங்கள். இவையும் ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்கள்தானே? ஈற்றில் ஓசை ஒன்றி வருவதை இயைபு என்பார்கள் இலக்கணத்தில். ஆக, ஓசை ஒத்துப்போவது குற்றமே இல்லை. செல்வம் உடையவள், அழகு உடையவள், கொடி போன்ற இடையாள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பொருள் இருக்கிறது. அதனால் ஒருத்தியை இன்னொருத்தியாக எண்ணிவிட மாட்டோம்.

புதுப்பெயர் எல்லாமே வெறும் ஓசை என்றும் தள்ளிவிட முடியாது. அங்கே ஓடிக்கொண்டிருந்த தன்விகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் 'தன்வி' என்றால் மெல்லிய உடலுடையவள். ஏறக்குறைய நம் கொடியிடை நாயகியே! தன்ஷிகாவுக்குத்தான் பொருள் சிரமம். "தன என்றால் செல்வம், ஷிகா என்றால் சிகரம்னு போட்டிருந்தது" என்றார் தாய். ஒட்டுப்போட்டால் பொருள் வந்துவிடும். சொல் வர வேண்டாமா?

இதற்கு நட்சத்திர எழுத்தும் ஒரு காரணம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்துகள். ஹஸ்தத்தில் பிறந்த குழந்தைக்கு ஷ, ண, ட என்றெல்லாம் வரும். 'ண'வும் 'ட'வும் சொல்லுக்கு முதலில் வரவே கூடாது என்கிறது தொல்காப்பியம்! பாவம், பெற்றோர் என்ன செய்வார்கள்? முன்னெல்லாம் இதற்கு எளிய வழி இருந்தது. நாமகரணத்தன்று நட்சத்திரப் பெயர் ஒன்று, முன்னோர் பெயர் ஒன்று, கூப்பிட ஒன்று என இரண்டு மூன்று பெயர்களை வைத்துவிடுவார்கள். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுதான் பேரன் ஆயிற்று. பேத்தியும் அப்படித்தான், பெயர்த்தி!

பிறர் மெச்சப் பெயர் வைப்பது இன்று வந்த வழக்கமும் அல்ல. பெரியாழ்வார் திருமொழியில், நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி முழுக்க இதைப் பற்றித்தான். காசுக்கும் துணிமணிக்கும் ஆசைப்பட்டு யார் யார் பெயரையோ பிள்ளைக்கு வைப்பவர்களைக் கடிந்துகொள்கிறார் ஆழ்வார். நாராயணன் நாமத்தை வைத்தால் பெற்ற தாய்க்கே நற்கதி என்கிறார். கவனியுங்கள், பலன் பிள்ளைக்கு மட்டும் அல்ல, கூப்பிடுகிற அம்மாவுக்கும்! கடைசி மூச்சில் தன் மகன் நாராயணனைக் கூப்பிட்டதாலேயே கரையேறிய அஜாமிளன் கதையை பாகவதத்தில் கேட்டிருப்பீர்களே...

ஆஸ்பத்திரியிலேயே பெயர் கொடுத்தாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள் தோழியரே. பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. அதற்குள் வீட்டுப் பெரியவர்களை நாலு முறை உரக்கக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே வைத்தாகிவிட்டதா? எண் கணிதக்காரருக்குப் பணம் கட்டி மாற்ற வேண்டாம். கூப்பிட இன்னொரு பெயர் போதும்.

புழல் தாயிடமும் அதைத்தான் சொன்னேன். "வடிவுன்னா ஸ்கூல்ல சிரிப்பாங்களேக்கா" என்றார். "வீட்டில் மட்டும் கூப்பிடுங்களேன்" என்றேன். பதில் இல்லை. ஆனால் கிளம்பும்போது, பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வரும் நாளில் மூன்று அம்மன்களையும் தரிசிக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். காலையில் மேலூர், உச்சிவேளையில் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயில். பாட்டியையும் அழைத்துப் போகிறாராம்.