நிக்கலின் மேல் படியும் கரி

அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்த்துவிடலாம். கண்ணுக்கே புலப்படாத நிக்கல் மணிகளின்மேல் கரி பிடித்தால் எப்படித் தேய்ப்பது?

எத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது இச்சிக்கல் எழுகிறது. சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைப் புளிக்கவைத்துக் காய்ச்சி வடித்தால் எத்தனால் கிடைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் ஆவியை நீராவியுடன் கலந்து, சுமார் 600 டிகிரி செல்சியஸில் நிக்கல் வினையூக்கியின்மேல் செலுத்துகிறார்கள். ஒரு மூலக்கூறு எத்தனாலும் மூன்று மூலக்கூறு நீரும் வினைபுரிந்து ஆறு மூலக்கூறு ஹைட்ரஜனையும் இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடையும் தரவேண்டும். இது ஏட்டுக் கணக்கு. உண்மையில், நிக்கலைத் தாங்கி நிற்கும் அலுமினாவின்மேல் எத்தனாலில் ஒரு பகுதி நீரை இழந்து எத்திலீனாகிறது. அந்த எத்திலீன் சிதைந்து நிக்கலைக் கரியால் மூடுகிறது. வினை மந்தமாகிவிடுகிறது.

காற்றைச் செலுத்திக் கரியை எரித்துவிடலாமே என்பீர்கள். எரிக்கலாம்; ஆனால் 12 கிராம் கரி எரிந்தால் 394 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். அதனால் என்ன கெடுதி? ஒரு சிறு கணக்குப் போடுவோம். (இயற்பியல் ஆசிரியனுக்குக் கணக்கில்லாமல் பொழுது போகாது!)

பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள நிக்கல் கனத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள சிறு கனங்களாக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர்! வினை நடப்பது இப்பரப்பில்தான். நிக்கல் உருகுவது 1455 டிகிரியில் என்றாலும், அதன் அணுக்கள் அதுவரை சும்மா இருப்பதில்லை. உருகுநிலையைக் கெல்வினில் எழுதிப் பாதியாக்குங்கள். ஏறத்தாழ 590 டிகிரி செல்சியஸ் வரும். அதைத் தாண்டினாலே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கத் தொடங்கும். 40 நானோமீட்டராகப் பெருத்தால் பரப்பு 150 சதுர மீட்டர்தான். கரி போய்விடும், போன பரப்பு திரும்பாது.

ஆகவே முதலில் கலத்தின் சூட்டைக் குறைக்கிறார்கள். பிறகு நைட்ரஜனில் மிகச் சிறிதளவே ஆக்சிஜனைக் கலந்து, வெப்பநிலையைக் கவனித்தபடி மெல்ல எரிக்கிறார்கள். நீராவியை மட்டும் செலுத்துவது மற்றொரு வழி. அப்போது 12 கிராம் கரி 131 கிலோஜூல் வெப்பத்தை உட்கொண்டு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகிறது. சூடு மிஞ்சும் அச்சமில்லை, ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

ஆக்சிஜனால் எரித்திருந்தால் இன்னும் ஒரு வேலை உண்டு. கரியோடு நிக்கலும் ஆக்சைடாகியிருக்குமல்லவா? ஹைட்ரஜனைச் செலுத்தி அதை மீண்டும் நிக்கலாக ஒடுக்கிய பின்னரே எத்தனால் ஆவியை உள்ளே விடுவார்கள்.