ஆர். சண்முகசுந்தரமும் தன்முனைப்பும்

கொடுமுடியில் காவிரிக் கரையை விட்டு மேற்கே செல்லச் செல்ல, மழையை நம்பிய மேட்டுக்காடுகள் விரிகின்றன. இக்கொங்கு மண்ணின் கீரனூரில் 1917-இல் பிறந்தவர் ஆர். சண்முகசுந்தரம். 1942-இல் வெளிவந்த அவரது 'நாகம்மாள்' தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்பர் திறனாய்வாளர்.

நாவல் எழுதப் புகுவோர்க்கு முதல் தடை வறுமையன்று, தன்முனைப்பே என நாம் கருதுகிறோம். தம் கல்வியையும் நீதியுணர்வையும் பாத்திரங்களின் வாயில் ஏற்றிப் பேசவைக்கும் ஆசை எளிதில் விடாது. கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். பூசல் கொலையில் முடிகிறது. ஆயினும் அவள் நல்லவளா, கெட்டவளா என ஆசிரியர் தீர்ப்பளிக்கவில்லை. உழவர் பேச்சையும் அவர் திருத்தவில்லை. அதனைக் கொச்சையென்று கற்றோர் பலர் ஒதுக்கிய காலம் அது என்பதை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பின்னர் 'அறுவடை', 'சட்டி சுட்டது' முதலியன வந்தன. இவற்றோடு பிறர் நாவல்களைத் தமிழாக்கவும் அவர் உழைத்தார். விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவர் அவரே. பெயர் பெற்ற நாவலாசிரியர் ஒருவர் மற்றொருவர் எழுத்துக்குத் தொண்டு செய்வது எளிதோ? 1977-இல் அவர் மறைந்தார். 'நாகம்மாள்' இன்றும் கிடைக்கிறது. கொங்குப் பேச்சில் வளர்ந்த நம் மாணவர் அதன் உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.