மகன் சிட்டிசன் ஆனால் அம்மாவின் ஓவர்ஸ்டே கரைந்துவிடுமா?

"பையன் சிட்டிசன் ஆயிட்டான் சார். பழைய ஓவர்ஸ்டே எல்லாம் இனிமே கணக்குலயே வராது."

எடிசனில் கோயில் பிரசாத வரிசையிலும் ஃப்ரீமான்ட்டில் பூங்கா பெஞ்சிலும் ஃப்ரிஸ்கோவில் பிறந்தநாள் விருந்திலும் இதை யாராவது அடித்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்கக் குடிவரவு மனுக்களோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பாகிவிட்ட எனக்குக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. வினையே அதுதான்.

விசிட்டர் விசாவில் முறைப்படி வந்து, தேதி தாண்டியும் இங்கேயே தங்கிவிட்ட அம்மாவுக்கு, 21 வயது நிரம்பிய சிட்டிசன் பிள்ளை இருந்தால், இங்கிருந்தபடியே ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் போடலாம். ஓவர்ஸ்டே மட்டுமே அதற்குத் தடையாகாது. பூங்கா பெஞ்ச் வக்கீல்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட அம்மாவுக்கு இது பொருந்தாது.

அவரைத் தடுக்கும் சட்டம் 1996இல் வந்தது. கையெழுத்துப் போட்டவர் கிளிண்டன். எல்லாவற்றையும் டிரம்ப் தலையில் கட்டுபவர்கள் குறித்துக்கொள்ளலாம். அனுமதித்த தேதிக்கு மேல் 180 நாளைத் தாண்டித் தங்கி, ஒரு வருடம் ஆகுமுன் கிளம்பினால் 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் 10 வருடம். இந்தத் தடை தங்கும்போது விழுவதில்லை, கிளம்பும்போதுதான் விழுகிறது. தப்பை உணர்ந்து ஒழுங்காக ஊருக்குப் போனவர்தான் மாட்டுகிறார். அநியாயம்தான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மகளின் பிரசவத்துக்காக 2020 பிப்ரவரியில் வந்த ஒரு அம்மா. ஆறு மாதம் ஆகஸ்டில் முடிகிறது. மார்ச்சிலேயே இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்திவிட்டது. மே மாதம் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின, ஏறத்தான் பயம். அப்போது ஐ-539 போட்டு நீட்டிப்புக் கேட்டவர்களுக்கு, பதில் வரும்வரை நாள் கணக்கு ஓடவில்லை. கொரோனாவுக்குத் தானாகவே நீட்டிப்பு உண்டு என்று நம்பி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஓடியது. அந்த அம்மா 2021 அக்டோபரில் ஊர் திரும்பியிருந்தால் தடை 2031 அக்டோபர் வரை.

மகள் சிட்டிசன் ஆகி அம்மாவுக்கு ஐ-130 மனுப் போடுகிறாள். அனுமதியும் வருகிறது. உடனே ஸ்வீட் பாக்ஸ்! ஐயா, ஐ-130 சொல்வது இவர் என் அம்மா என்பதை மட்டும்தான். ஓவர்ஸ்டே கணக்கை அங்கே பார்ப்பதில்லை. மும்பை துணைத் தூதரகத்தில் நேர்காணல் அன்றுதான் அந்தக் கணக்குப் புத்தகம் திறக்கும்.

சரி, மன்னிப்பு உண்டா? உண்டு, ஐ-601. ஆனால் யாருக்குக் கடும் இன்னல் என்று காட்ட வேண்டும்? அந்த அம்மாவின் கணவருக்கு, அல்லது அந்த அம்மாவைப் பெற்றவர்களுக்கு. அவர்களும் சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். பெற்ற பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. மனுப் போட்ட மகளின் இன்னல் செல்லாது. பேரனுக்கான டாக்டர் சான்றிதழைக் கட்டுக் கட்டாக நீட்டினாலும் அது மட்டும் போதாது.

ஒரு வழி இருக்கிறது. அப்பா ஓவர்ஸ்டே இல்லாதவர் என்றால் முதலில் அவரை வரவழையுங்கள். அவர் கிரீன் கார்டோடு இறங்கியபின், அவருடைய இன்னலைக் காட்டி அம்மாவுக்கு ஐ-601 போடலாம். அதுவும் அதிகாரி மனம் வைத்தால்தான்.

"அரபல்லி தீர்ப்பு இருக்கே?" என்று மடக்கும் விவரமானவர்களும் உண்டு. 2012இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் சொன்ன தீர்ப்பு அது. அந்த இந்தியத் தம்பதி கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற முன் அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்வந்தவர்கள். அந்தப் பயணம் தடையைக் கொண்டுவராது என்றது வாரியம். வெறும் டிக்கெட்டோடு கிளம்பியவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். விசா 10 வருடத்துக்கு என்றாலும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஐ-94தான் சொல்லும். ஓவர்ஸ்டே 180 நாளைத் தாண்டுமுன் கிளம்பினால் தடை விழாது. ஆனால் ஐ-94 தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செத்துப்போகும். கிரீன் கார்டை வைத்துக்கொண்டு பெற்றோரை ஸ்பான்சர் செய்ய முடியாது. அப்பாவுக்குப் போட்ட மனுவில் அம்மா ஒட்டிக்கொண்டு வர மாட்டார். அவருக்குத் தனி ஐ-130. அந்த ஐ-130 நிலுவையில் இருப்பதாலேயே இங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. இங்கேயே கிரீன் கார்டு போடும் திட்டத்தை மறைத்து, சுற்றிப்பார்க்க வந்ததாகப் பொய் சொல்லி நுழைவது வாழ்நாள் தடையில் போய் நிற்கலாம்.

இந்த ஓவர்ஸ்டேக்களில் நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் டேகேர் செலவில்தான் தொடங்குகின்றன. "குழந்தை நடக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போம்மா" என்கிறோம். அம்மாவுக்கு ஐ-94 என்றால் என்னவென்றே தெரியாது. மாத்திரைப் பெட்டியையும் டயாப்பரையும் சமாளிப்பதிலேயே அவர் நாள் போகிறது. தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது எச்1பி நீட்டிப்புத் தேதியை மனப்பாடமாக வைத்திருக்கும் நீங்கள். அம்மா இறங்கிய அன்றிரவே சுங்க, எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் ஐ-94ஐ எடுத்து, அதிலுள்ள தேதியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இன்னும் தங்குவதாக இருந்தால் ஐ-539 அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.