குறையற்ற செயலும் நிறைவான மனமும்

‘நிறைவு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. குறையற்றிருத்தல் ஒன்று, மனம் திருப்தியுற்றிருத்தல் மற்றொன்று. முதலாவது கைகூடினால்தான் இரண்டாவது கிட்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். செயலில் குறை முற்றும் அகலும்வரை மன அமைதியைத் தள்ளிவைக்கிறோம். ஏமாற்றத்தின் வேர் இதுவே.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்னோபார்க் உள்ளது. அங்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. சோதனையில் அகப்பட்ட பிழைகளைத் திருத்தலாம். அகப்படாதவை வெளியீட்டுக்குப் பின்னரே தலைகாட்டும். அதனால்தான் திருத்திய பதிப்புகள் தொடர்ந்து வந்தவண்ணம் உள்ளன. குறை, செயலின் உடன்பிறப்பு. கீதையின் 18-ஆம் அத்தியாயம் இதனைத் தீயைச் சூழ்ந்த புகைக்கு ஒப்பிடுகிறது.

கழக்கூட்டத்திற்கு அருகே, கடலோரத்தில் தும்பா இருக்கிறது. அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான் எஸ்.எல்.வி-3 ராக்கெட் உருவாயிற்று. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அந்த ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. முதல் கட்டம் செம்மையாக இயங்கியது. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழக்க, ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது.

அன்று இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றார். கலாம் இதனைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பின்னர் நடந்த ஆய்வில், ஒரு வால்வு சரிவர மூடாததால் நைட்ரிக் அமிலம் கசிந்தது தெரியவந்தது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அம்முறை பத்திரிகையாளர்களைச் சந்திக்குமாறு தவன் கலாமைப் பணித்தார்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. வால்வில் இருக்கும் குறையைக் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். ‘நானே குறையுள்ளவன்’ என்று முடிவுகட்டிவிட்டால் எதைத் திருத்துவது? செயலின் பிழையைத் தன் மதிப்பின் அளவுகோலாகக் கொள்பவன் பிழையைப் பார்க்கவே அஞ்சுவான். அதனை மறைப்பான், அல்லது முயற்சியையே கைவிடுவான். ஆக, குறையின்மையின் மீதுள்ள பிடிவாதமே குறை களைவதற்குத் தடையாகிறது.

‘அப்படியானால் அரைகுறையாகச் செய்தால் போதுமா?’ என்று கேட்கலாம். போதாது. வால்வு வரை தேடிச் சென்றவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். முயற்சியில் தளர்வு கூடாது. முடிவைக் கொண்டு தன்னை எடைபோடுவதே கூடாது.

ஆன்ம சாதகனுக்கும் இது பொருந்தும். ஜபத்தில் மனம் அலைந்தது என்பதற்காக ஜபத்தையே விட்டவர்கள் உண்டு. ஒருமுறை சினந்துவிட்டதால், ‘எனக்குத் தகுதியில்லை’ என்று ஒதுங்கியவர்களும் உண்டு. ‘நான் மாசற்றவனாக விளங்க வேண்டும்’ என்னும் ஆசையில் ‘நான்’ எத்துணை உரத்து ஒலிக்கிறது! அகந்தைக்கு அதுவும் ஓர் அணிகலனே. பூரணம் ஆன்மாவின் இயல்பு. செயல்களைக் கூட்டி அதனை உண்டாக்க இயலாது என்பது வேதாந்தம். நிறைவைச் செயலின் முடிவில் தேடாமல், நிறைந்த மனத்துடன் செயலைத் தொடங்குவதே கர்மயோகம்.

ஆகவே, இன்று இரவு உறங்கச் செல்லுமுன் அன்றைய செயல்களுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எது தவறியது என்று தெளிவாகப் பாருங்கள். நாளை மாற்ற வேண்டியதை முடிவுசெய்யுங்கள். பிறகு அதனை இறைவனிடம் ஒப்படைத்து, அமைதியாக உறங்குங்கள்.