பெயரைத் துரத்தாமல் பண்ணையைத் தேடுங்கள்

அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர்களின் வம்சாவளியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். கொள்ளுத்தாத்தா அமெரிக்காவில் ஒரு பெயரோடு வாழ்ந்திருப்பார். நார்வேயின் பதிவேடுகளிலோ அந்தப் பெயரில் யாருமே இருக்க மாட்டார்கள். எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார், அசல் பெயர் தொலைந்துபோயிற்று என்று வீட்டில் சொல்லிவந்த கதையோடு பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஆவணங்களோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது வேறு. பெரும்பாலான குடும்பங்களில் எதுவும் தொலையவில்லை. அந்த மனிதருக்கு நார்வேயிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. புதிய நாட்டில் அவற்றில் ஒன்று நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே ஓர் 'அசல்' குடும்பப் பெயரைக் கண்டுபிடிக்க முனைவதைவிட, அவர் எந்தப் பண்ணையிலிருந்து கிளம்பினார் என்று கேட்பதே பலன் தரும்.

தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். நார்வேயின் கிராமப்புறங்களில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலோருக்குக் கிடையாது. ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சென். மகள் காரி என்றால் காரி ஹான்ஸ்டாட்டர். ஓலேக்குப் பிறக்கும் மகன் லார்ஸ் ஓல்சென் ஆவான். திருமணத்துக்குப் பிறகும் பெண்ணின் பெயர் மாறாது. இவற்றோடு மூன்றாவதாக ஒட்டிக்கொள்வது பண்ணையின் பெயர். அது முகவரிபோல, குடும்பம் வேறு பண்ணைக்குப் போனால் அதுவும் மாறிவிடும். எல்லோரும் ஒரு நிலையான குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான். அதற்குள் குடியேற்றத்தின் பெரும் அலை ஓய்ந்துகொண்டிருந்தது.

பிரபலமானவர்கள் சிலரைப் பார்த்தாலே இது விளங்கும். ஹில்டன் ஓட்டல்களை நிறுவிய கான்ராட் ஹில்டனின் பெயர் கேட்பதற்கு அப்பட்டமான ஆங்கிலப் பெயர். ஆனால் அவருடைய தந்தை ஆகஸ்ட் ஹால்வோர்சென், ஓஸ்லோவுக்கு வடக்கே க்ளோஃப்டா அருகிலிருந்த ஹில்டன் என்ற பண்ணையில் பிறந்தவர். அங்கே யாரும் எதையும் ஆங்கிலமாக்கவில்லை. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி 1888இல் வோஸ் பகுதியில் பிறந்தார்; தந்தை லார்ஸ் என்பதால் ஊர் வழக்கப்படி அவர் லார்சென். குடும்பம் பண்ணைப் பெயரான ரொக்னேயை எடுத்துக்கொண்டது, எழுத்தில் மட்டும் ஒன்று கூடியது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த வால்டர் மாண்டேலின் முன்னோர் ஃப்யார்லாந்தின் முண்டால் பகுதிக்காரர்கள். மூன்று பேரின் பெயரையும் வரைபடத்தில் தேடினால் ஊர் கிடைக்கிறது. ஒரே வீட்டுச் சகோதரர்களில் ஒருவர் தந்தை வழிப் பெயரையும் மற்றவர் பண்ணைப் பெயரையும் வைத்துக்கொள்வதும் உண்டு. எனவே உங்கள் நேர் முன்னோரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காமல், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் தேடுங்கள்.

எல்லிஸ் தீவுக் கதையை அப்படித் தள்ளிவிட முடியுமா என்று கேட்கலாம். அந்த நிலையம் திறந்ததே 1892இல். அதற்கு முன்பே லட்சக்கணக்கான நார்வேக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். 1850களிலும் 60களிலும் மிகப் பலர் கனடாவின் கியூபெக்கில் இறங்கித்தான் விஸ்கான்சினுக்கும் மின்னசோட்டாவுக்கும் போனார்கள். எல்லிஸ் தீவில் இறங்கியவர்கள் விஷயத்திலும், அங்கிருந்த அதிகாரிகள் பெயரைப் புதிதாக எழுதிக்கொள்ளவில்லை. கப்பல் நிறுவனத்தார் தயாரித்துக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிழையை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரில் நான்கு ஓலே ஓல்சன்கள் இருந்தால் தபாலும் கடன் கணக்கும் குழம்பும். அந்த அன்றாடத் தேவைதான் பலரைப் பண்ணைப் பெயருக்குத் தள்ளியது. லார்ஸ் லூயிஸ் ஆனதும், குரி ஜூலியா ஆனதும் பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் நடந்த மாற்றங்கள்.

அமெரிக்காவில் வெறும் ஜான்சன் என்றோ ஓல்சன் என்றோ மட்டும் பதிவானவருக்குப் பண்ணை எங்கே கிடைக்கும்? இதுதான் கடினமான கேள்வி. பதில் அரசு ஆவணங்களில் அரிதாகவே இருக்கிறது. 1906க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களில் பெரும்பாலும் 'நார்வே' என்பதற்கு மேல் ஒன்றும் இராது. அமெரிக்காவிலிருந்த நார்வே லூத்தரன் சபைகளின் புத்தகங்களைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். போதகர் நார்வேக்காரர், எழுதுவதும் நார்வே மொழியில். ஆகவே திருமணம், அடக்கம், சபைச் சேர்க்கை ஆகிய பதிவுகளில் பிறந்த ஊரைப் பல இடங்களில் குறித்திருக்கிறார்கள். அங்கும் கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்தாரைப் பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள் கூட்டமாகவே குடியேறினார்கள். வால்ட்ரெஸ் பகுதியினர் 1899இலேயே அமெரிக்காவில் தங்கள் வட்டாரத்தாருக்கென ஒரு சங்கத்தை உருவாக்கிக்கொண்டார்கள். பக்கத்து நிலத்துக்காரரின் ஊர் தெரிந்தால் உங்கள் ஆளின் ஊரையும் ஊகிக்கலாம்.

பண்ணையோ பங்கோ (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி) தெரிந்துவிட்டால், நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல் ஆர்கிவெட்' தளத்தில் பங்குப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகப் புரட்டலாம். ஞானஸ்நானப் பக்கத்தில் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயரும் தொழிலும், வசித்த பண்ணை, கடைசியில் ஞானப்பெற்றோர் வரிசை என்று கட்டம் கட்டமாக இருக்கும். குழந்தைக்கு முதல் பெயர் மட்டுமே எழுதியிருப்பார்கள். தந்தை பெயரைக் கொண்டு நீங்கள்தான் முழுப்பெயரை அமைத்துக்கொள்ள வேண்டும். ஞானப்பெற்றோர் வரிசையைத் தாண்டிப் போய்விடாதீர்கள்; பெரும்பாலும் அவர்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் பக்கத்துப் பண்ணைக்காரர்களுமே. நார்வேயின் 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுப் பிறந்த தேதியைத் தருவதால், ஊரிலேயே தங்கிவிட்ட சகோதரர்களைப் பிடிக்க அதுவே நல்ல கருவி.

பண்ணைப் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாதுதான். ஹாவ்கன், பாக்கன், மூன் போன்ற பெயர்கள் எண்ணற்ற பங்குகளில் உண்டு. பண்ணையின் ஓரத்தில் குடிசை போட்டிருந்த குத்தகை உழவனும் அதே பெயரில் அறியப்பட்டான். மனைவியின் பண்ணைக்குக் குடிபோன கணவனும் அந்தப் பெயரை ஏற்றான். ஆகவே ஒரே பண்ணைப் பெயர் இருப்பதால் இரத்த உறவு என்று ஆகிவிடாது. தந்தை வழிப் பெயரும் ஏமாற்றும்: மின்னசோட்டா ஆளுநராகவும் செனட்டராகவும் இருந்த நூட் நெல்சன் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், நெல்சன் என்பது தாய் பின்னர் மணந்த நில்ஸின் பெயரிலிருந்து வந்தது. மரபணுச் சோதனை செய்தால் போதாதா என்பார்கள். தலைமுறைகளாக உள்ளூருக்குள்ளேயே மணம் செய்த பள்ளத்தாக்குகளில் தூரத்துச் சொந்தமும் நெருங்கிய சொந்தம்போலத் தெரியும்; தாள் ஆதாரம் இல்லாமல் அந்த முடிவைப் படிக்கவே முடியாது.

ஆகவே பெயரும் தேதியும் பண்ணையும் பொருந்தும் ஒரு ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அதை வம்சாவளி மரத்தில் எழுதிவிடாதீர்கள். இறந்துபோன குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது அங்கே வழக்கம். அதே பதிவேட்டில் அடுத்த சில ஆண்டுகளின் அடக்கப் பக்கங்களைப் பாருங்கள். பதினைந்து வயதையொட்டிய உறுதிபூசுதல் பட்டியலில் அதே பிறந்த நாளோடு அவர் நிற்கிறாரா என்று பாருங்கள். பங்கை விட்டு வெளியேறியோர் பட்டியலிலும், கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) 1867 முதலும் பெர்கனில் 1874 முதலும் காவல்துறை வைத்திருந்த குடிபெயர்வோர் பதிவேட்டிலும் வயதும் ஊரும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். இவை ஒத்துவந்தால், அந்தப் பக்கங்களில் அவர் எந்தப் பெயரில் இருந்தாலும் அவர் உங்கள் ஆள்தான்.